சமாதானம் வரும்போது கண்ணாடி தேடுகிறவர்கள்

எங்கள் ஊர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் கமிட்டி எலெக்‌ஷன் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. பெரியப்பா மகன் நான்கு ஓட்டில் தோற்றார். நான் எதிர் அணிக்குப் போட்டவன், அதை மறைக்கவும் இல்லை. அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசுவதில்லை, என் மகள் சபையில் முழு அங்கமாகச் சேர்ந்த திடப்படுத்தல் ஆராதனைக்கும் வரவில்லை. அசனத்தில், அதாவது கோயில் சமபந்தி விருந்தில், நான் உட்கார்ந்த பந்தியில் உட்கார மாட்டார். இத்தனைக்கும் ஒரே அண்டாச் சோறு, ஒரே கறிக்குழம்பு!

நற்கருணை ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் கொடுப்போம் இல்லையா, ஐயர் (போதகர்) ஆல்டரிலிருந்து கொண்டுவந்து முன்பெஞ்சில் கொடுக்க, கைமாறிக் கைமாறிக் கடைசி பெஞ்சு வரைக்கும் வரும். அது எங்கள் பக்கம் வரும் நேரமாகப் பார்த்து அண்ணன் குனிந்து கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி மூக்கில்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நம்ம திருச்சபையே சண்டையை விட்டுப் பிறந்த சபை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி, மேற்கத்தியர் கொண்டுவந்த பிரிவினையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதில் முன்னே நின்ற பேராயர் அசரியா நம்ம வெள்ளாளன்விளைக்காரர். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரை ஏற்கலாமா என்ற ஒரு கேள்வியிலேயே வருஷக்கணக்கில் பேசினார்கள். கடைசியில், இருக்கிற போதகர்களை அப்படியே ஏற்போம், இனிமேல் பேராயரே அபிஷேகம் செய்யட்டும், ஒரு சபையின் மனச்சாட்சி ஒப்பாத குருவானவரை அதன் தலையில் கட்ட மாட்டோம் என்று முடிவானது. 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு நடந்தபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்று. 28 வருஷம்! அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1 அன்றே போய்விட்டார்.

அவ்வளவு பெரிய விஷயத்தைப் பேசித் தீர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், பொருளாளர் பதவிக்குக் கோர்ட்டுக்குப் போகிறோம். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைப் பார்த்துப் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் கிழித்த கிழியை, அந்த வாரத்துப் பாடமாக வந்தால்கூட வேகமாக வாசித்துவிட்டு உட்காருகிறோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மன்னிச்சிருங்க தம்பி, கர்த்தர் பாத்துக்குவாரு" என்று நாற்காலியில் இருப்பவர்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்குக் கேட்பது சண்டை இல்லை. காணிக்கை எங்கே போனது என்று கேட்கத்தான் வேண்டும், முகத்துக்கு நேராக, கூட்டத்தில். மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரம் சொல்வதும் முதலில் தப்பு செய்தவனிடமே போ, தனியாகப் பேசு என்றுதானே. நாம் முதலில் போவது வாட்ஸ்அப் குரூப்புக்கு.

பவுலுக்கும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவுக்கும் மாற்கு என்ற ஒரு பையனால் சண்டை வந்து ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அதே மாற்குவைத்தான் பிறகு பவுல், கூட்டிக்கொண்டு வா, எனக்கு உபயோகமானவன் என்று எழுதுகிறார். நடுவில் யார் முதலில் பேசினார்கள் என்று வேதத்தில் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மூன்று வருஷமாக நானும் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அவர்தானே கோபித்தார், அவரே வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அசனம். ஊருக்குப் போகிறேன். ஆராதனையில் அண்ணன் பெஞ்சில், அவர் பக்கத்திலேயே உட்காரப்போகிறேன். கண்ணாடியைத் தேடினால் நானும் சேர்ந்து குனிந்து தேடுவேன்.