36 பட் என்ற கணக்கு சரி, முடிவுதான் தவறு

அண்ணா, கோல்ஃப் பற்றி, "பார் 72-இல் (18 குழிகளுக்கு எதிர்பார்க்கப்படும் மொத்த அடிகள்) 36 அடி பட்டிங் (குழிக்கு அருகில் பந்தை உருட்டி அடிப்பது). வீட்டுக் கம்பளத்தில் பட்டிங் பழகினால் போதும், பயிற்சியாளருக்குக் கொடுப்பது வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். 18 குழிகளில் குழிக்கு இரண்டு பட் என்ற கணக்கில் 36 சரிதான். ஆனால் ஒரு சுற்றை 100 அடிகளில் முடிப்பவருக்கும் 80 அடிகளில் முடிப்பவருக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் பட்டிங்கில் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதை அடி அடியாகக் கணக்கிட்டார். வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது.

எனக்கு இது கோவை மைதானத்தில்தான் உறைத்தது. முதல் அடி வலப்புறம் வளைந்து எல்லைக்கு வெளியே போனது. ஓர் அடி தண்டம், அதே இடத்திலிருந்து மூன்றாவது அடி! எத்தனை பட் பழகினாலும் அந்த இழப்பு ஈடாகாது. பயிற்சியாளர் மட்டையைப் பிடித்திருந்த என் இடது கையைத்தான் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் விரல் கணுக்களில் இரண்டு தெரிய வேண்டும், எனக்கு ஒன்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. பல மாதங்களாக அந்தத் தவறான பிடியைத்தான் தினமும் பழகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏற்காட்டில் பந்து கூடுதல் தூரம் போனதால் உங்கள் அடியில் குறையில்லை என்கிறீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே யார் அடித்தாலும் பந்து கொஞ்சம் கூடுதலாகவே போகும்.

அடிக்கு முன் ஒரே ஒழுங்கில் மூச்சு விட்டு, இலக்கைப் பார்த்து, தயங்காமல் அடிக்கச் சொன்னீர்களே, அதை நானும் கடைப்பிடிக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் தண்ட அடிகளையும் பட்களையும் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள், அண்ணா.