ஒரு டோஸ் போதும், நேரம்தான் முக்கியம்

சிசேரியனுக்குப் பிறகு நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று கட்டுரை சொன்னதற்கு இங்கே பலர் கோபப்பட்டிருக்கிறார்கள், ஆனால் உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது: தொற்று வராமல் தடுக்க, தோலைக் கீறுவதற்கு முன் ஒரே டோஸ், பெரும்பாலும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக், அவ்வளவுதான். கத்தி படும்போது மருந்து திசுவில் இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் குழந்தைக்கும் மருந்து போய்விடுமோ என்று பயந்து தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே போடுவார்கள். முன்கூட்டியே போட்டால் தாய்க்குத் தொற்று குறைகிறது, குழந்தைக்குக் கெடுதல் தெரியவில்லை என்று ஆய்வுகள் வந்ததும் அது மாறியது.

சரி, எல்லோருக்கும் இதேதானா என்றால் இல்லை. பனிக்குடம் உடைந்தோ வலி வந்தோ ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுத்தால் தொற்று இன்னும் குறைகிறது என்று 2016இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ரத்தம் 1,500 மில்லிக்கு மேல் போனால் இன்னொரு டோஸ் போடுவார்கள். ஏற்கெனவே காய்ச்சல், தொற்று இருந்தால் அது தடுப்பு அல்ல, சிகிச்சை, அதன் கணக்கே வேறு. மற்றபடி தையல் நன்றாக ஆறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு “எதற்கும் இருக்கட்டும்” என்று காலை மாலை ஊசி குத்துவது, ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தில் உள்ள சந்தேகத்தை மருந்தால் மூடுகிற வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. அப்புறம், செஃபசோலின் பென்சிலினுக்கு உறவான மருந்து என்பதால், பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.