லெப்டொப் மட்டும் இருந்தா போதாது
ஒரு லெப்டொப்பும் செஸ் போர்டும் இருந்தா மனுசன் எதிர் கம்பியூட்டர் போட்டி எங்க வேணா வச்சிறலாம்னு கட்டுரைல இருக்கு, அது அவ்வளவு லேசு இல்லீங்க, இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துல வச்சிப் பாத்துத்தான் சொல்றேன். கம்பியூட்டருக்கு கை இல்லியே, 2016ல கொரியாவுல, சோல்ல, கோங்கிற போர்ட் விளையாட்டுல பெரிய ஆட்டக்காரர் லீ செடோலோட அல்பாகோங்கிற கம்பியூட்டர் புரோகிராம் ஆடுனப்பவும் எதிர்ல உக்காந்து கல்லு வச்சது ஒரு மனுசன்தான். கம்பியூட்டருக்காக உக்காந்த எங்க ஆள் ஸ்கிரீனப் பாத்து, காய நகத்தி, கிளொக்க அமத்துறதுக்குள்ள செக்கன் செக்கனா போகுது, அந்த நேரம் யார் கணக்குன்னே ஒரு சண்டை. அதுக்குள்ள மழை வந்து கரண்ட் போச்சி, லெப்டொப் பெட்டரில ஓடுனா வேகம் கொறையும், அதே நேரத்துல கம்மியாத்தான் யோசிக்கும், மொதல்ல தோத்த புள்ள "எனக்கு மட்டும் கரண்ட் இருந்திச்சி"ன்னு ஒரே மொறைப்பு 😄 அதனால நேரத்த வைக்காம இத்தன நகர்வு ஆழம்தான் யோசிக்கணும்னு செட் பண்ணிருங்க, எந்த மெசின்லயும் கிட்டத்தட்ட ஒரே பலம். மேல கமெண்ட்ல ஒருத்தர் மனுசன் எப்பிடியும் தோப்பான், எதுக்கு போட்டின்னு கேட்டிருக்கார், 1996ல செஸ் உலக சாம்பியன் கஸ்பரோவ் டீப் புளூங்கிற கம்பியூட்டர 4-2ன்னு ஜெயிச்சி அடுத்த வருசமே அதுகிட்ட தோத்தது சரிதான், இப்ப ஃபோன்ல இருக்கிற ஸ்டொக்ஃபிஷ்ங்கிற செஸ் புரோகிராமே சாம்பியன அடிக்கும், ஆனா அதோட பலத்த கொறைக்க 0லருந்து 20 வரைக்கும் லெவல் இருக்கே, இல்லாட்டி கம்பியூட்டரோட ராணிய எடுத்துட்டு ஆட விடுங்க, புள்ளைங்க போர்ட விட்டு எந்திரிக்க மாட்டாங்க.