தொப்பிக்குக் கீழே ஒரு பயந்தாங்கொள்ளி

சிறுவர் சித்திரக்கதைகளில் வரும் சுப்பாண்டி என்றால் உடனே சிரிப்பவர்கள்கூட, வேட்டைக்கார வேம்பு என்றால் நெற்றியைச் சுருக்குகிறார்கள். இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய 'பூந்தளிர்' இதழில்தான் வேம்பு எனக்கு அறிமுகம். ஆங்கிலச் சிறுவர் இதழான 'டிங்கிள்' இதழின் ஷிகாரி ஷம்புதான் தமிழில் வேம்பு. உருவாக்கியவர் லூயிஸ் பெர்னாண்டஸ், வரைந்தவர் வசந்த் ஹல்பே. எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் அட்டை கிழிந்த பழைய இதழ்கள் ஒரு பெஞ்சின் மேல் கிடக்கும். என் முறை வந்தபோதெல்லாம் "அவர் முதலில் வெட்டிக்கொள்ளட்டும்" என்று பெருந்தன்மையாக இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பெருந்தன்மைக்கு ஆயுள் நான்கு பக்கம்.

கதை பெரும்பாலும் ஒன்றேதான். ஊரார் ஓடி வந்து ஆட்கொல்லிப் புலி என்பார்கள். வேம்புவுக்குக் கால் நடுங்கும். தப்பிக்க வழி தேடுவார். அந்த ஓட்டத்தில் கால் இடறும், கிளை முறியும், கடைசியில் புலியின் மேலேயே போய் விழுவார். ஊரார் வந்து பார்த்துவிட்டு மாவீரன் என்று தோளில் தூக்கிக்கொள்வார்கள். உண்மை தெரிந்தது மூவருக்குத்தான்: அவருக்கு, புலிக்கு, நமக்கு. எட்டு வயதில் ஓர் ஊரே அறியாத ரகசியத்தைக் கையில் வைத்திருக்கும் சுகம் இருக்கிறதே! இத்தனைக்கும் அந்தத் துப்பாக்கி எதையாவது சுட்டு வீழ்த்தியதாக எனக்கு நினைவே இல்லை.

விழுந்து புரள்வது மலிவான நகைச்சுவை என்று சொல்பவர்கள் ஒருமுறை அதை வரைந்து பார்க்க வேண்டும். திரைப்படத்தில் விழுகிறவர் நம் கண்ணெதிரே விழுகிறார். காகிதத்தில் எதுவும் அசையாது. ஒரு கட்டத்தில் வேம்பு கிளையின் நுனியில் இருக்கிறார். அடுத்த கட்டத்தில் புலியின் முதுகில் இருக்கிறார். விழுந்தது இரண்டு கட்டங்களுக்கும் இடையில் இருக்கும் வெள்ளைக் கோட்டில். கிளை முறியும் சத்தத்தையும் சேர்த்து அங்கே அவரை விழவைத்தது நாம்தான்.

சுப்பாண்டியும் வந்தது, 'டிங்கிள்' இதழில் ஷம்பு வந்த அதே 1983இல்தான். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகள், ராம் வயீர்கரின் ஓவியம், அந்தக் கூம்புத் தலை. எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவனுடைய வேடிக்கை பெரும்பாலும் பேச்சில் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே செய்து எசமானின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் வேலைக்காரன். பரமார்த்த குருவின் சீடர்களுக்குத் தூரத்து உறவு. படத்தை மறைத்துவிட்டு வாயால் சொன்னாலும் அந்தக் கதை பாதிக்கு மேல் நிற்கும். வேம்பு நிற்க மாட்டார். படத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஓர் ஆள், ஒரு புலி, ஒரு விபத்து.

அப்புறம் அந்தத் தொப்பி. கண்ணே தெரியாதபடி மூக்குவரை இறங்கி நிற்கும். முகத்தில் பாதியை மறைத்துவிட்டு, மீசையையும் முழங்காலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் நடுக்கத்தைக் காட்ட ஹல்பேயால் முடிந்தது.

சென்ற மாதம் அக்காள் மகளிடம் ஒரு பழைய இதழைக் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பக்கத்தில் அவள் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தி, தலையைச் சாய்த்துக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"என்னடி பார்க்கிறாய்?"

"தொப்பிக்குள்ளே கண் இருக்கிறதா என்று பார்க்கிறேன், மாமா."

நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அப்படித்தான் பார்த்தேன்.