கதவில் நின்ற தொண்டரைத் திட்டாதீர்கள்

சனிக்கிழமை ஒரு கொன்டாக்ட் சென்டரில் (பிரிந்த பெற்றோர் பிள்ளையைச் சந்திக்கும் இடம்) ஒரு தகப்பன் பிள்ளையைச் சந்திப்பதை வாசலில் நின்ற ஒருங்கிணைப்பாளர் நிறுத்தியதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். எந்த சென்டர், யாருடைய பிள்ளை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் "எங்கட அப்பாமாரைப் பிள்ளையைப் பார்க்க விடமாட்டினம்" என்று அந்த ஒருங்கிணைப்பாளரின் தலையை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் செய்தது சரி. தகப்பன் மீது நொன்-மொலெஸ்டேசன் ஓர்டர் (தொந்தரவோ வன்முறையோ செய்யக்கூடாது என்ற கோர்ட் தடை) இருப்பது, பிள்ளையைக் கூட்டிவந்த சித்தி வாசலில் வைத்துச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும். சந்திப்புக்கு இடம் கேட்டுச் சென்டருக்கு அனுப்பிய படிவத்தில் ஆபத்து பற்றிய பகுதி வெறுமையாக இருந்தது. அந்த நிலையில் சந்திப்பை நடத்தியிருந்தால்தான் பிழை.

இங்கிலாந்தில் இந்த சென்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று 'சப்போர்ட்டட்'. தேவாலய மண்டபம் மாதிரி ஓர் இடம், ஒரே நேரத்தில் பல குடும்பங்கள், பெரும்பாலும் தொண்டர்கள். அவர்கள் தேநீர் போடுவார்கள், விளையாட்டுச் சாமான் எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு கண் வைத்திருப்பார்கள். யார் என்ன கதைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கேட்கமாட்டார்கள். கோர்ட்டுக்கு அறிக்கையும் எழுதமாட்டார்கள். வந்தார், வரவில்லை என்ற பதிவு மட்டும்தான். மற்றது 'சுப்பவைஸ்ட்'. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளை கண்ணில் படும் தூரத்தில், காதில் விழும் தூரத்தில் முழு நேரமும் இருப்பார். நடந்ததை எழுதுவார். தேவைப்பட்டால் சந்திப்பை நிறுத்துவார்.

இந்த வித்தியாசம் பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. குடும்ப வன்முறை பற்றிய குடும்ப நீதிமன்றத்தின் 12ஜே வழிகாட்டல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒரு பெற்றோரால் பிள்ளைக்கோ மற்றப் பெற்றோருக்கோ ஆபத்து உண்டு என்று மதிப்பீடு முடிவுசெய்திருந்தால், சப்போர்ட்டட் சென்டர் பொருத்தமில்லை. சொந்தக்காரர் மேற்பார்வையும் பொருத்தமில்லை. அப்படியிருந்தும் அவசரத்தில் எழுதும் சந்திப்பு ஓர்டர்களில் வெறுமனே "கொன்டாக்ட் சென்டரில் சந்திக்கலாம்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எந்த வகை, யார் காசு கட்டுவது, எவ்வளவு நேரம், பிள்ளையைக் கூட்டிவருவது யார், ஒன்றும் இல்லை.

விபரம் இல்லாமல் இல்லை, அதுதான் கோபம். முதல் கோர்ட் தவணைக்கு முன்னரே காஃப்காஸ் (பிள்ளையின் நலன் பற்றிக் குடும்ப நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு) பொலிசிலும் கவுன்சிலிலும் விசாரித்துக் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதுகிறது. சொலிசிட்டரின் கோப்பில் தடை ஓர்டர் இருக்கிறது. சோஷல் வேர்க்கரிடம் குறிப்பு இருக்கிறது. பிள்ளை திங்கட்கிழமைகளில் வாய் திறப்பதில்லை என்று ரீச்சருக்குத் தெரியும். எல்லோரிடமும் ஒவ்வொரு துண்டு. சனிக்கிழமை காலை வாசலில் நிற்பவரிடம் மட்டும் ஒன்றும் இல்லை.

"தனிப்பட்ட தகவல், சட்டம் விடாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளையின் பாதுகாப்புக்குத் தேவையான தகவலை அளவோடு பகிர்வதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கவில்லை. கோர்ட் ஆவணம் என்றால், சென்டருக்குக் கொடுக்கலாம் என்று நீதிபதியிடம் ஓர்டரிலேயே ஒரு வரி கேட்டு வாங்கலாம். கேட்பதில்லை.

"தகப்பன் பாவம், பரிசுப் பொருளோடு வந்தவர்" என்கிறீர்கள். அவருக்கு வலித்திருக்கும், மறுக்கவில்லை. அவருக்கும் இது அநியாயம்தான். முறையாக அனுப்பியிருந்தால் சுப்பவைஸ்ட் சென்டரில் இடம் கேட்டிருக்கலாம், சந்திப்புக்கு முன் இரண்டு பெற்றோரையும் தனித்தனியாக அழைத்துக் கதைத்திருப்பார்கள், பிள்ளைக்கு அறையைக் காட்டியிருப்பார்கள். இருவரும் வாசலில் முட்டாமல் இருக்க வருகைக்கும் போவதற்கும் கால்மணி நேர இடைவெளி வைத்திருப்பார்கள். இதெல்லாம் நடப்பதற்குப் படிவத்தில் உண்மை இருக்கவேண்டும்.

சின்ன விஷயம்தானே என்று நினைக்கவேண்டாம். தாயின் விலாசத்தை மறைக்கச் சொல்லிக் கோர்ட்டில் சி8 படிவம் கொடுத்திருப்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடப் பெயர் பொறித்த சுவெட்டரோடு சந்திப்புக்கு வந்து நிற்கும். நெஞ்சில் பள்ளிக்கூடத்தின் பெயர், அதற்குக் கீழே ஊரின் பெயர். விலாசம் இரகசியம் என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருந்தால், தாயிடம் முதல்நாளே சொல்லியிருப்பார்.

இனி எங்கள் பக்கம். சுப்பவைஸ்ட் சந்திப்பில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் கதைக்கச் சொல்வார்கள், அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பார்கள். உடனே "எங்கட மொழியை மதிக்கவில்லை" என்று சண்டை. ஒரு அப்பம்மா வடை ஊட்டியபடி, அதே செல்லக் குரலில், "அம்மா இப்ப எங்க இருக்கிறா, வீட்டுக்கு ஆர் வாறவை?" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பாசமாகத் தெரிந்தது. பிள்ளை வடையை வாயில் வைத்தபடி மெல்லாமல் இருந்தது. அதற்குத்தான் மொழிபெயர்ப்பாளர். அதுவும் மாமா மச்சான் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாத, தகுதி பெற்ற ஒருவர். பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதும் படிவத்தில் எழுதவேண்டியதுதான். அதையும் வெறுமையாக விட்டுவிட்டு, அன்று காலையில் யாரையாவது பிடித்துத் தரச்சொன்னால் சென்டர் எங்கே போகும்?

"தொண்டர்களுக்கு இவ்வளவு அதிகாரமா?" என்று கேட்டவருக்கு: ஆம், வேண்டும். தொடர விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல் நிறுத்தும் உரிமை அந்த அறையில் இருப்பவருக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு? 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம் முதல் பிரிவிலேயே பிள்ளையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. தாயின் வெற்றியையோ தகப்பனின் மானத்தையோ சொந்தக்காரரின் கௌரவத்தையோ அல்ல.

அடுத்த தவணைக்கு முன் அந்தக் குடும்பத்தின் சொலிசிட்டர்மார் இருவரும் செய்யக்கூடியது இது: தடை ஓர்டரின் பிரதியோடு புதுப் படிவம், ஆபத்துப் பகுதியை நிரப்பி; காஃப்காஸ் அதிகாரியின் பெயரும் நேரடி இலக்கமும்; எந்த வகைச் சந்திப்பு என்று சந்திப்பு ஓர்டரில் திருத்தம்; மொழிபெயர்ப்பாளரின் காசை யார் கட்டுவது என்று ஒரு வரி. பள்ளிக்கூடத்தோடு கதைக்கத் தாயின் சம்மதம். ஒரு பின்னேர வேலை.

பகிர்ந்தவர்களுக்கு: அந்த ஒருங்கிணைப்பாளரின் படத்தைப் போட்ட பதிவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். படத்தின் ஓரத்தில் பிள்ளையின் கையும் தெரிகிறது.