உதட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உதட்டை அசைக்காமல் பேசி, பொம்மையே பேசுவதுபோலக் காட்டும் வித்தைக்காக (வென்ட்ரிலோக்விசம்) பொம்மையோடு மேடையேறிய தம்பியைப் பாதியில் நிறுத்தி, "உதடு அசையுது, பிடிச்சுட்டோம்!" என்று தொகுப்பாளர் கத்துகிறார். கூட்டம் கைதட்டுகிறது. மூன்று நாளாக எல்லோரும் அதைத்தான் பகிர்கிறீர்கள்.

எதைப் பிடித்தீர்கள்? அவர் என்ன திருடிக்கொண்டா ஓடினார்?

எட்கர் பெர்கன் என்று ஒரு அமெரிக்கர். 1903இல் சிகாகோவில் பிறந்தவர். சார்லி மெக்கார்த்தி என்ற மரப்பொம்மையோடு 1937 முதல் 1956 வரை வானொலியில் கொடிகட்டிப் பறந்தார். அவருக்கும் உதடு அசையும். அதைச் சொல்லிச் சார்லியே அவரைக் கிண்டலடிப்பான். ஜனம் சிரித்ததே தவிர, காசைத் திருப்பிக் கேட்கவில்லை. 1938இல் அவருக்குக் கிடைத்த சிறப்பு ஆஸ்கரையே மரத்தில்தான் செய்தார்கள், வாய் அசைகிற மாதிரி.

"ரேடியோவில் உதடு எங்கே தெரியும்?" என்று கேட்பீர்கள். அவர் மேடையிலும் நின்றவர், படத்திலும் நடித்தவர். அது கிடக்கட்டும். உதடே தெரியாத இடத்தில் ஜனம் எதற்காகக் காத்திருந்து கேட்டது? சார்லி என்ற அந்த வாயாடிப் பயலுக்காக. இதைத்தான் சொல்கிறேன். கலை உதட்டில் இல்லை, பொம்மைக்கு வருகிற உயிரில் இருக்கிறது.

உதட்டை அசைக்காமல் ஒருமுறை "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். இதழ் சேராமல் மகரமும் பகரமும் பிறக்காது. உதடு ஒட்டாமல் பாடுவதை நிரோட்டகம் என்று தனி வித்தையாகவே வைத்திருந்தார்கள் நம் புலவர்கள். பொம்மைக்காரர் 'ம' வருமிடத்தில் 'ன' போலவும், 'ப' வருமிடத்தில் 'த' போலவும் நாக்கால் சமாளிக்கிறார். அதே நேரத்தில் பொம்மையின் கழுத்தையும் திருப்ப வேண்டும், அடுத்த பதிலையும் யோசிக்க வேண்டும்.

என் தங்கை சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தாள். மருந்தை வாயில் வாங்கவே மாட்டாள். நான் ஒரு பழைய சாக்ஸைக் கையில் மாட்டிப் பேச வைத்தேன். எனக்கு வித்தை ஒன்றும் தெரியாது, வாய் நன்றாகவே அசைந்தது. அவள் என் வாயைப் பார்க்கவே இல்லை. சாக்ஸைப் பார்த்து, "நீ குடிச்சியா?" என்றாள்.

பயிற்சி இல்லாமல் ஏன் மேடைக்கு வர வேண்டும் என்கிறீர்களா? சரி, பயிற்சி வேண்டும். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேர் முன்னால் ஒருவனைக் கூனிக்குறுக வைப்பதற்கு என்ன பயிற்சி எடுத்தீர்கள்?

இன்னொரு முறை அந்த வீடியோவைப் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு. தம்பி தலை குனிகிறார். பொம்மையின் தலையைக் கடைசிவரை குனிய விடவில்லை.