கமடோர் 64: பழைய அடாப்டர் பற்றிய திருத்தம்

"கமடோர் 64-உடன் வந்த அசல் அடாப்டரே பாதுகாப்பானது, சிவப்பு விளக்கு எரிந்தால் பயமில்லை" என்று சொல்லப்படுவது, கணினியையே பலி வாங்கக்கூடிய தவறான தகவல். 1982-இல் வெளிவந்த இந்த வீட்டுக் கணினிக்கு அந்த அடாப்டர் 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தையும் 9 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தையும் தருகிறது. பிசின் ஊற்றி மூடிய பெட்டிக்குள், வெப்பம் வெளியேற வழியின்றிப் பல்லாண்டுகள் புழுங்கிய ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) பழுதாகும்போது, 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் எகிறி, பெரும்பாலும் நினைவகச் சில்லுகளைப் பழுதாக்கிவிடுகிறது. கணினியின் சிவப்பு விளக்கோ அப்போதும் எரியும். அந்த 5 வோல்ட் முனையில் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைக்கவே கூடாது. இன்று சரியாகக் காட்டுவதும் நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. இந்தச் சில்லுகளின் அருமை கருதியாவது, புதிதாகத் தயாரான மாற்று அடாப்டரையோ, மின்னழுத்தம் மீறியவுடன் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியையோ பயன்படுத்துங்கள்.